பதினான்கு மாதங்களுக்குப் பின்: எங்கள் கிளினிக்கின் மின்னணு மருத்துவப் பதிவேடு பற்றி ஒரு மிஸ்ஸியின் மதிப்புரை

எங்கள் கிளினிக்கில் மின்னணு மருத்துவப் பதிவேடு நடைமுறைக்கு வந்து பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன. புதுப் பொருள் வந்த மறுநாளே பாராட்டி எழுதுவதும் முதல் வாரத்துக் கோபத்தில் திட்டி எழுதுவதும் எனக்கு உடன்பாடில்லை என்பதால் இதுவரை காத்திருந்தேன். மலேசியாவின் பேராக் மாநிலத் தென்பகுதியில், எண்ணெய் தரும் செம்பனையும் இடையிடையே எஞ்சி நிற்கும் பால்மரமும் (ரப்பர்) சூழ்ந்த ஒரு தோட்டப் பட்டணத்தில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருக்கிறேன்; தாதியர் பணியில் எனக்கு இது இருபத்திரண்டாம் ஆண்டு. கிளினிக்கின் பெயரையும் மென்பொருளின் பெயரையும் இங்கே எழுதவில்லை. வேறு மாநிலங்களில், வேறு மென்பொருள்களோடு வேலை செய்யும் தோழிகள் தொலைபேசியில் சொல்லும் கதையும் பெரும்பாலும் இதேதான் என்பதால், பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை.

முன்பு என்ன இருந்தது என்று சொல்லாமல் இதை எடைபோட முடியாது. கவுண்டருக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதில் கூரைவரை இரும்பு அலமாரிகள். அவற்றில் நம்பர் வாரியாக அடுக்கிய கார்டுகள். நோயாளி கொண்டுவரும் சின்ன அட்டையில் உள்ள நம்பரைப் பார்த்து உதவியாளர் உள்ளே போய்த் தேடுவார். அட்டையைச் சட்டைப் பையோடு சேர்த்துத் துவைத்துவிட்டவர்களுக்கும், தோட்டம் மாறியபோது தொலைத்துவிட்டவர்களுக்கும் புதுக் கார்டு போடப்படும். இப்படி ஒரே ஆளுக்கு மூன்று கார்டு சேர்ந்துவிடும்: முதலாவதில் இனிப்பு நீர் (நீரிழிவு), இரண்டாவதில் இரத்தக் கொதிப்பு, மூன்றாவதில் வெறும் காய்ச்சலும் இரண்டு நாள் எம்.சி. என்ற மருத்துவ விடுப்பும். மூன்றையும் ஒருசேரப் பார்த்த டாக்டர் யாரும் இல்லை. கரையான் அரித்த கட்டு ஒன்றை ஒரு வருடம் குப்பையில் கொட்டினோம். அதில் யார் யாருடைய வரலாறு போனது என்று இன்றுவரை தெரியாது. காகிதத்தைப் பற்றி இப்போது ஏக்கத்தோடு பேசும் சக மிஸ்ஸிகளுக்கு அந்த அறையை நினைவூட்ட விரும்புகிறேன்.

இந்த யோசனை புதிதும் அல்ல. 1997-இல் மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்ற அரசாங்கத் தகவல் தொழில்நுட்பத் திட்டத்தின் பகுதியாக வெளியான தொலைமருத்துவத் திட்ட வரைவு, ஒவ்வொரு மலேசியருக்கும் வாழ்நாள் முழுவதும் தொடரும் ஒரு மருத்துவப் பதிவேட்டை உருவாக்குவது பற்றிப் பேசியது. 1999-இல் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் உள்ள சிலாயாங் மருத்துவமனை காகிதம் இல்லாமல் இயங்கத் தொடங்கியபோது, நாங்கள் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தோம். வேலைக்குச் சேரும்போது கார்டு என்ற ஒன்றே இருக்காது என்று நம்பினோம். சிலாயாங் எங்கள் பட்டணத்திலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தூரம்தான். பதிவேடு அந்தத் தூரத்தைக் கடந்து வர இருபது ஆண்டுகளுக்கும் மேல் எடுத்துக்கொண்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது மெய்யாகவே நல்லது. இது வந்து பதினோராம் மாதம் என்று நினைவு. குலை வெட்டும் வேலை பார்க்கும், ஐம்பதைக் கடந்த ஒருவர், செம்பனை முள் குத்திச் சீழ் பிடித்த காலோடு வந்தார். மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணும் இல்ல மிஸ்ஸி” என்றார். திரையைத் திறந்ததும் மேல்விளிம்பில் பென்சிலின் ஒவ்வாமை என்று சிவப்பில் நின்றது. எட்டு மாதங்களுக்கு முன் அவர் வேறு எதற்கோ வந்தபோது, கூட வந்த மனைவி சொன்னதைக் கேட்டு, எங்கள் இளைய மிஸ்ஸி ஒருவர் பதிந்து வைத்திருந்தார். இத்தகைய புண்ணுக்கு வழக்கமாக எழுதப்படும் கிளாக்ஸாசிலின், பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. டாக்டர் வேறு மருந்து எழுதினார். நடந்தது இவ்வளவுதான், ஆனால் பழைய அறையில் அந்தக் குறிப்பு எந்தக் கார்டில் இருந்திருக்கும் என்று அன்று மாலை முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தடுப்பூசிப் பட்டியலும் அப்படியே. 2020-இன் இறுதியிலிருந்து நம் நாட்டில் ஆறு நோய்களுக்கான ஒருங்கிணைந்த தடுப்பூசி குழந்தைகளுக்கு 2, 3, 5 மாதங்களிலும் பிறகு 18-ஆம் மாதத்திலும் போடப்படுகிறது. முதல் மூன்றும் தவறுவது குறைவு; குழந்தை நடக்க ஆரம்பித்து, தாய் வேலைக்குத் திரும்பி, குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போன பிறகு வரும் 18-ஆம் மாதம்தான் தவறும். முன்பு மாத வாரியாகப் பிரித்த அட்டைப் பெட்டியைக் கிளறி, வராதவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதி, தொலைபேசியில் கூப்பிடுவதற்கு அரை நாள் போகும். இப்போது திங்கட்கிழமை காலையில் ஒரு பொத்தானை அழுத்தினால் பட்டியல் வந்துவிடுகிறது. டாக்டரின் கையெழுத்தைப் படிக்க மருந்தகத்துக்கும் அறைக்குமாக நடந்த நடையும் நின்றுபோனது.

ஆகவே படிப்பவருக்கு இது அருமையான பொருள். என் குறை முழுவதும் எழுதுபவரின் பக்கத்திலிருந்து வருகிறது. கிளினிக்கில் மிக அதிகமாக எழுதுகிறவர் மிஸ்ஸிதான்.

ஒரு கர்ப்பிணி மறுவருகைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எடை, இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதமும் சர்க்கரையும், தேவையானால் இரத்தத்தில் ஹீமோகுளோபின், கர்ப்பப்பையின் உயரம், குழந்தையின் இதயத் துடிப்பு, காலில் வீக்கம். கார்டில் இது ஒரே வரி. இடமிருந்து வலமாக, நான் சோதிக்கும் வரிசையிலேயே கட்டங்கள் இருந்தன. மென்பொருளில் இவை வெவ்வேறு பக்கங்களில் சிதறிக் கிடக்கின்றன: எடையும் அழுத்தமும் ஒரு பக்கத்தில், சிறுநீர் ஆய்வுக்கூடப் பக்கத்தில், இதயத் துடிப்பு மூன்றாவதாக ஒரு பக்கத்தில். ஒரு சாதாரண மறுவருகையைப் பதிந்து முடிக்க முப்பதுக்குக் குறையாத சொடுக்குகள் ஆகின்றன. கையுறையைக் கழற்றி, சொடுக்கி, மீண்டும் மாட்டி வேலை செய்ய யாராலும் முடியாது. எனவே எல்லா மிஸ்ஸிகளும் செய்வதை நானும் செய்கிறேன்: சட்டைப் பையில் ஒரு 555 நோட்டு. மளிகைக் கடைக் கடன் எழுதும் அதே சின்னப் புத்தகம். முதலில் அதில் கிறுக்கிக்கொண்டு, கூட்டம் குறைந்த பிறகு உட்கார்ந்து கணினியில் ஏற்றுகிறோம். தாயின் கையில் இருக்கும் ரோஸ் நிறப் புத்தகத்திலும் எழுதியாக வேண்டும்; பிரசவ வலி எடுத்து அவர் நடு இரவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே உள்ளவர்கள் எங்கள் திரையைப் பார்க்க முடியாது, அந்தப் புத்தகத்தைத்தான் பார்ப்பார்கள். ஆக, ஒரே இரத்த அழுத்தத்தை மூன்று முறை எழுதுகிறேன். மூன்று முறை எழுதினால் ஒரு முறை பிழை வரும். 130 என்பது 103 ஆகும்.

நேரக் குறிப்பும் இதனாலேயே கெட்டுப்போகிறது. காலை 9.10-க்குப் பார்த்த அழுத்தத்தை நான் 11.40-க்கு ஏற்றினால், மென்பொருள் 11.40 என்றே முத்திரை குத்துகிறது. நேரத்தைத் திருத்தும் வழி இருக்கிறது. அதற்கு இன்னும் ஒரு பக்கம் திறந்து காரணம் எழுத வேண்டும். பதிவு செய்யாதது செய்யப்படாததே என்று பயிற்சிக் கல்லூரியில் சொல்லித்தந்தார்கள். தாமதமாகப் பதிந்தது தாமதமாகச் செய்யப்பட்டதாகவே தெரியும் என்பதை இங்கே வந்துதான் கற்றேன். பின்னாளில் ஒரு விசாரணை வந்தால் அந்த இரண்டரை மணி நேரத்துக்கு யார் பதில் சொல்வது? இதற்கு ஒரு துணைச் சிக்கலும் உண்டு. மென்பொருளிலிருந்து ஒருவர் வெளியேறி மற்றொருவர் தன் கடவுச்சொல்லோடு உள்ளே நுழையப் பிடிக்கும் நேரத்தில் வரிசை நீண்டுவிடுவதால், கூட்ட நாளில் ஒருவருடைய கடவுச்சொல்லில் நான்கு பேர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். நானும் செய்திருக்கிறேன். தவறுதான். ஆனால் சரியானதைச் செய்ய இரண்டு நிமிடமும் தவறானதைச் செய்ய இரண்டு நொடியும் ஆகும்படி ஒரு கருவியைச் செய்துவிட்டு, பயன்படுத்துகிறவரை மட்டும் கண்டிப்பது நியாயமாகாது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் கேட்கிறது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் சொந்தப் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவில் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்) என்ற மலாய்ச் சுருக்கம் நிற்கிறது. கவுண்டரில் ஒருவர் அதைச் சாய்கோட்டோடு அடிக்கிறார், ஒருவர் சாய்கோடு இல்லாமல் அடிக்கிறார், வேறொருவர் ‘அனாக் லெலாக்கி’ என்று முழுதாகவே அடிக்கிறார். கணினிக்கு மூவரும் வேறு வேறு ஆள். எழுத்துக்கூட்டல் அதற்கு மேல். பழைய தோட்டங்களில் பிறப்பை எழுதிவைத்த கிராணி, அதாவது தோட்ட எழுத்தர், காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார். லெட்சுமி என்ற ஒரே பெயர், எந்தக் கிராணியின் காலத்தில் பிறந்தார் என்பதைப் பொறுத்து, ‘டி’ வைத்தும் ‘கே’ வைத்தும், ‘ஐ’யில் முடிந்தும் ‘ஒய்’யில் முடிந்தும் எங்கள் பட்டியலில் கிடக்கிறது. எந்த லெட்சுமி எந்த லயத்தை (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) சேர்ந்தவர் என்பது பழைய உதவியாளருக்கு முகம் பார்த்தே தெரியும். அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

பன்னிரண்டு இலக்க அடையாள எண்ணால் தேடினால் தீராதா என்று கேட்பீர்கள். எண் உள்ளவர்களுக்குத் தீரும். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (பேராக்கில் பிறந்தவருக்கு 08), கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். தவறாக அடித்தாலும் பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும். சிக்கல் எண் இல்லாதவர்களிடம் தொடங்குகிறது. பெற்றோர் திருமணத்தைப் பதியாமலும் பிறப்புப் பத்திரம் எடுக்காமலும் போனதால் குடியுரிமைக்காக ஆண்டுக்கணக்கில் அலையும் நம் மக்கள் தோட்டப்புறங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பதியும்போது மென்பொருள் ஒரு தற்காலிக எண்ணைத் தருகிறது. அடுத்த வருகையில் அந்த எண்ணை அவரும் அறியார், நாமும் அறியோம். இன்னொரு தற்காலிக எண் பிறக்கிறது. செம்பனையில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எண்ணில் பதியப்படுகிறார்கள்; கடப்பிதழைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும், மென்பொருளுக்கு அவர் அன்று பிறந்த மனிதர். பழைய அறையின் மூன்று கார்டு நோய் இங்கே வேறு உடம்பில் தொடர்கிறது. இரண்டு பதிவுகளை ஒன்றாக்கும் அதிகாரம் கிளினிக்கில் யாருக்கும் இல்லை; மேலே எழுதி அனுப்ப வேண்டும். நான் அனுப்பியவற்றில் பாதிக்குப் பதில் வந்திருக்கிறது.

அடுத்தது சொற்கள். திரையில் உள்ள மொழி ஆங்கிலம், சில இடங்களில் மலாய். எங்கள் நோயாளிகள் நோயைத் தமிழில் சொல்கிறார்கள், அதிலும் தோட்டத்துத் தமிழில். “வாயு பிடிச்சிருக்கு மிஸ்ஸி” என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்ன ஓர் அம்மாவுக்கு, வருகைக் காரணம் என்ற பட்டியலில் எதைத் தேர்ந்தெடுப்பது? வயிற்று வலி இருக்கிறது, நெஞ்சு வலி இருக்கிறது, வயிறு உப்புசம் இருக்கிறது. உப்புசம் என்று போட்டால் அவர் வரிசையில் காத்திருப்பார். நெஞ்சு வலி என்று போட்டால் உடனே ஈ.சி.ஜி. எடுக்கப்படும். வயதான பெண்களுக்கும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் மாரடைப்பு பல சமயம் இப்படித்தான், கூர்மையான வலி இல்லாமல், வாயுத் தொல்லை போல வரும் என்பது தெரிந்ததால் நான் நெஞ்சு வலியையே தேர்ந்தெடுத்தேன். அவருக்கு அன்று ஒன்றும் இல்லை. நான் செய்தது சரியே. ஆனால் அவர் சொன்னது வாயு. பதிவில் இருப்பது நெஞ்சு வலி. அடுத்த முறை அவரைப் பார்க்கும் டாக்டர், இந்த அம்மா நெஞ்சு வலி என்று வந்தவர் என்றே படிப்பார். கார்டில் அவருடைய சொல்லை அப்படியே மேற்கோளில் எழுதி, பக்கத்தில் என் ஐயத்தையும் எழுதியிருப்பேன். மென்பொருளிலும் குறிப்புக் கட்டம் ஒன்று இருக்கிறது. அது நான்காவது பக்கத்தின் அடியில் இருக்கிறது, அங்கே வருகிறவர் யாரும் இல்லை.

நிறங்களையும் சொல்ல வேண்டும். நம் நாட்டுத் தாய்சேய் நலப் பணியில் கர்ப்பிணிகளின் ஆபத்து நிலையை வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறத்தால் குறிப்பது நெடுநாள் வழக்கம்: வெள்ளை என்றால் மிஸ்ஸியே கவனிக்கலாம், பச்சை என்றால் கிளினிக் டாக்டர் பார்க்க வேண்டும், மஞ்சள் என்றால் நிபுணருக்கு, சிவப்பு தாமதமின்றி மருத்துவமனைக்கு. கார்டின் மூலையில் ஒட்டிய அந்த நிறம், கட்டாக அடுக்கி வைத்தாலும் அறையின் மறுகோடியிலிருந்து தெரியும். திரையில் அது பெயருக்குப் பக்கத்தில் மிளகு அளவில் ஒரு புள்ளி. அதே சமயம், வைட்டமின் மாத்திரை எழுதினாலும் ஆபத்தான மருந்து எழுதினாலும் ஒரே அளவில், ஒரே சிவப்பில் எச்சரிக்கைப் பெட்டி குதிக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை முறை ‘சரி’ என்று அழுத்துகிறோம் என்றே தெரியாமல் அழுத்துகிறோம். பென்சிலின் எச்சரிக்கை அன்று என் கண்ணில் பட்டது, காலையில் முதல் நோயாளி அவர் என்பதால்தானோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

வீட்டு வருகைக்கு இது உதவவே இல்லை. பிரசவத்துக்குப் பின் முதல் பத்து நாள்களில் பல முறை தாயையும் குழந்தையையும் வீட்டில் போய்ப் பார்க்கிறோம். தாயின் இரத்தப்போக்கு, குழந்தையின் தொப்புள், மஞ்சள் காமாலை. செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் லயங்களில் லைன் கிடைப்பதில்லை. கையில் கொடுத்த டேப்லட் சுற்றிக்கொண்டே இருக்கும். இணைப்பு இல்லாதபோது எழுதி வைத்துப் பிறகு அனுப்பும் வசதி இல்லை. இரண்டு மாதம் பையில் சுமந்துவிட்டு இப்போது அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறோம். பட்டணத்திலும் மதிய இடி மின்னலுக்கு இணைப்பு போய்விடும். ‘சிஸ்டம் டவுன்’ என்று சொல்லிக் காகிதப் படிவத்தை எடுப்போம். இணைப்பு திரும்பியதும் அத்தனையையும் ஏற்ற வேண்டியது அன்றைய பிற்பகல் மிஸ்ஸியின் தலையெழுத்து.

பயிற்சி இரண்டு நாள் நடந்தது. உணவு நன்றாக இருந்தது.

அந்தரங்கம் பற்றிச் சுருக்கமாக: ஒருவருக்கொருவர் உறவாக இருக்கும் பட்டணத்தில், யார் எந்தப் பதிவைத் திறந்தார் என்ற தடயம் இருப்பது பெரிய நன்மை, கார்டு அறையில் அது இல்லை. ஆனால் கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்ளும் வரை அந்தத் தடயத்துக்கு மதிப்பில்லை. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்கும், அதனால் எங்களைப் போன்ற அரசாங்கக் கிளினிக்குகளுக்கும் பொருந்தாது என்பதையும் நோயாளிகள் தெரிந்துகொள்வது நல்லது.

நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால், படிப்பவர் என்ற முறையில் ஐந்துக்கு நான்கும், எழுதுபவர் என்ற முறையில் ஐந்துக்கு இரண்டும் கொடுப்பேன். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி மூன்று என்று போட எனக்கு மனமில்லை. நான்கை அனுபவிப்பவரும் இரண்டைச் சுமப்பவரும் வேறு வேறு ஆள்கள். கருத்துக் கேட்கும் படிவத்தில் நான் எழுதி அனுப்பியவை: கர்ப்பிணி மறுவருகை முழுவதும் ஒரே பக்கத்தில், சோதிக்கும் வரிசையில் வர வேண்டும், நோயாளியின் சொந்தச் சொல்லுக்கு முதல் பக்கத்திலேயே ஒரு வரி வேண்டும், குடும்பப் பெயர்க் கட்டத்தை எடுத்துவிட வேண்டும், இணைப்பு இல்லாமலும் டேப்லட் எழுத வேண்டும், இரட்டைப் பதிவை ஒன்றாக்கும் அதிகாரத்தைக் கிளினிக்கிலேயே ஒருவருக்குத் தர வேண்டும். இன்னும் பதில் இல்லை.

ஒன்றை மட்டும் நாங்களே செய்துகொண்டோம். மின்சாரச் செருகி சுவரோரம் இருந்ததால் கணினி மேசையைச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். பதினான்கு மாதமாக நோயாளிக்கு முதுகைக் காட்டியபடிதான் கேள்வி கேட்டு வந்தேன். “மிஸ்ஸி டிவியப் பாத்துக்கிட்டேதான் நம்மகிட்ட பேசுது” என்று வெளிப் பெஞ்சில் ஒரு பாட்டி சொன்னது என் காதில் விழுந்து பல மாதம் ஆகிறது. போன வாரம் நீள ஒயர் ஒன்று வாங்கி, ஆயாவும் நானும் மேசையைத் திருப்பிப் போட்டோம். மறுநாள் இரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு வந்த அதே பாட்டி எதிரில் உட்கார்ந்து, என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, “இன்னிக்கு டிவி ஓடலையா மிஸ்ஸி?” என்றார்.